ருவோலானின் தொண்ணூற்றெட்டுப் புள்ளிகள்

அத்தியாயம் 11

பெயர்ப் பட்டியலைத் திறந்தபோது யான்திங்கின் கையில் டீக் கோப்பை இருந்தது. முதல் வரியைப் படித்ததும் அதை மேசையில் வைத்தான். அதற்கப்புறம் தொடவில்லை.

ஏழு–ஒன்று. லியாவ் ருவோலான். தொண்ணூற்றெட்டுப் புள்ளி. கடைசியாகப் பார்த்தது: நேற்று மாலை ஐந்து நாற்பது.

ருவோலான் அவன் மனைவி. அவள் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு மில்லிங் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. எண்ணெய் வாசனை. மாமனார் லியாவ் ஜின்ஷுய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

ஷென்காங் ஊரின் ஒன்பது பட்டறைகள் சேர்ந்து நடத்தும் மேகத்தைப் பற்றி முன்பே படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர்களுக்காகச் சில வரிகள். ஒரு மோல்டை, அதாவது பிளாஸ்டிக் வார்க்கும் அச்சை, எஃகில் வெட்டுவதற்கு முன்னால், உருகிய பிளாஸ்டிக் அதற்குள் எப்படி ஓடும், எங்கே சேரும், எங்கே காற்று சிக்கும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பட்டறையின் கணினிகளுக்கு அது மூன்று நாள் வேலை. ஒன்பது பட்டறைகளும் பங்கு போட்டுக்கொண்டால் அரை நாள். அந்தப் பங்குக்குப் பெயர்தான் மேகம்.

ஆனால் அடுத்த தெருக்காரன் கணினி போட்ட கணக்கை எப்படி நம்புவது? தப்பான கணக்கை நம்பி வெட்டினால் ஒரு டன் எஃகு குப்பைக்குப் போகும். அதற்கு ருவோலான் ஒரு வழி செய்தாள். கணக்கு முடிந்ததும் அந்தப் பட்டறையில் ஒரு மனிதர் உட்கார்ந்து அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். தன் சொந்த மின்சாவியைக் கணினியில் செருகி, ‘பார்த்தேன், சரி’ என்றோ ‘தெரியவில்லை’ என்றோ அழுத்த வேண்டும். ‘சரி’ என்றது பின்னாலும் சரியாகவே இருந்தால் புள்ளி ஏறும். தப்பானால் சரசரவென்று இறங்கும். எதையும் அழுத்தாமலே இருந்தால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு புள்ளி தேயும். தொண்ணூறுக்கு மேல் உள்ளவர் ‘சரி’ என்றால் வேறு யாரும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க மாட்டார்கள்.

பெயர் மட்டும் வெளியே தெரியாது. எண்தான் தெரியும்: ஏழு என்பது இந்தப் பட்டறை, ஒன்று என்பது அதில் ஒருவருடைய சாவி. பெயர் தெரிந்தால் ஜனங்கள் முகத்தைப் பார்த்து நம்புவார்கள் என்பாள் ருவோலான்.

பட்டியலைத் திறக்கக்கூடியவன் யான்திங் ஒருவன்தான். அவள் போன பிறகு மேகத்தின் காவல் அவனிடம் வந்தது. ஒரு தடவைகூட அவன் பட்டியலைத் திறக்கவில்லை. நாளைக் காலை நகோயாவிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வருகிறார். தங்கள் வரைபடங்களை இந்த மேகத்தை நம்பிக் கொடுக்கலாமா என்று பார்க்க வருகிறார். யார் யார் பார்க்கிறார்கள், யாருக்கு எத்தனை புள்ளி என்று அவர் கேட்டிருந்தார். அதற்காகத்தான் இன்று திறந்தான்.

“ஜிங்யி.”

“என்ன அத்தான்?” எதிர் மேசையில் பார்சல் ஒட்டிக்கொண்டிருந்த ருவோலானின் தங்கை நிமிர்ந்தாள்.

“நேத்து சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்கு ஆபீஸ்ல யாரு இருந்தா?”

“நான் அஞ்சுக்கே கெளம்பிட்டேன். பல் டாக்டர். ஏன்?”

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். ஜிங்யி படித்தாள். ஒட்டும் நாடா அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

“இது... தப்பா காட்டுதா?”

“காட்டாது. உங்க அக்கா செஞ்சது.”

“நான் தொடல அத்தான். அவ சாவி எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. என்னை அப்படிப் பாக்காதீங்க.”

“எப்பவும் பாக்குற மாதிரிதானே பாக்குறேன்.”

“அதுவும் சரிதான். பதினாலு மாசமா எல்லாரையும் ஃப்ரிட்ஜைப் பாக்குற மாதிரிதான் பாக்குறீங்க.”

அவன் திரைக்குத் திரும்பினான். பழைய திங்கட்கிழமைகளை ஒவ்வொன்றாகக் கீழே நகர்த்தினான். அவள் இறந்த வாரம் தொண்ணூற்றாறு. அடுத்த திங்கள் தொண்ணூற்றைந்து. பிறகு நான்கு, மூன்று, இரண்டு. தொண்ணூற்றொன்றில் நின்றது. அதற்கடுத்த வாரம் தொண்ணூற்றிரண்டு. அங்கிருந்து மெல்ல மெல்ல ஏறி, போன மாதம் தொண்ணூற்றெட்டு.

உயிரோடு இருந்தபோது அவள் தொட்டதே இல்லை, அந்த எண்ணை.

“அப்பா,” என்றாள் ஜிங்யி. கேள்வியாகச் சொல்லவில்லை.

இருவரும் கண்ணாடி வழியாக அந்த முதுகைப் பார்த்தார்கள்.

*

ஜின்ஷுய் மறுக்கவில்லை. கைத்துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். டீ மேசைக்கு வந்து அதன் இழுப்பறையை இழுத்தார்.

உள்ளே, கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் வீட்டாரின் மர முத்திரைகள் கிடந்தன. அவருடையது, இறந்துபோன மாமியாருடையது, ஜிங்யியுடையது, யான்திங்குடையது, ருவோலானுடையது. சிவப்பு மைப் பெட்டி. பதிவுத் தபால் வந்தால் யார் கையில் எது அகப்படுகிறதோ அதைக் குத்தி வாங்குவார்கள். முத்திரைகளுக்கு அடியில், கட்டைவிரல் அளவில், கறுப்பாக, அவளுடைய சாவி.

“இந்தா. இதுக்குத்தானே இப்படி முகத்தைத் தூக்கி வச்சிருக்க?”

“மாமா, இது முத்திரை இல்ல.”

“எனக்கு எல்லாம் ஒண்ணுதான். நீ என் முத்திரையைக் குத்தினதில்ல? ஜிங்யி அவங்கம்மா முத்திரையைக் குத்தி மின்சார ஆபீஸ்ல ஃபாரம் கொடுத்தா. அம்மா செத்து நாலு வருஷம் கழிச்சு. யாராவது கேட்டாங்களா? இந்த வீட்டுல எது யாரோடதுன்னு என்னைக்குப் பாத்தோம்?”

“அப்பா, என்னை எதுக்கு இழுக்குறீங்க?” என்றாள் ஜிங்யி.

“ரகசிய எண் எப்படித் தெரிஞ்சுது?” என்றான் யான்திங்.

“அவ பொறந்த நேரம். விடிகாலை நாலு பதினேழு. பிரசவ வார்டு வாசல்ல நின்னவன் நான்தானே. நீயா நின்ன?”

யான்திங் உட்கார்ந்தான். உட்கார்ந்தது ஜின்ஷுயின் நாற்காலி என்று பிறகுதான் தெரிந்தது. எழவில்லை.

“பாத்தீங்களா?” என்றான். “அழுத்துறதுக்கு முன்னாடி, பாத்தீங்களா?”

அதற்குத்தான் மாமனாருக்குக் கோபம் வந்தது.

“பாக்காமலா? நாப்பது வருஷமா மோல்டு வெட்டுறேன். பிளாஸ்டிக் எங்க சேரும், எங்க சேராதுன்னு உங்க கலர் படம் வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணையும் மூணு தரம் பாத்தேன். எழுத்து தெரியலைன்னு புதுக் கண்ணாடி வாங்கினேன். ஒரு தப்பு வந்திருக்கா? சொல்லு!”

வரவில்லை. அதுதான் தொண்ணூற்றெட்டு.

“உங்க பேர்லயே ஒரு சாவி போட்டிருக்கலாமே. ஆரம்பத்துலயே கேட்டாளே. எதுக்குன்னு திட்டி அனுப்பினீங்க.”

ஜின்ஷுய் டீக்கு வெந்நீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார். கோப்பை வழிந்து தட்டில் ஓடியது.

“அவ பேர் எழுதிக் கும்பிடற பலகை சாங்ஹுவால உங்கண்ணன் வீட்டு சாமி மேடையில இருக்கு,” என்றார். “கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு அப்பன் வீட்டு மேடையில இடம் கெடையாது. அங்க வந்து ஊதுபத்தி ஏத்தலாம்னா, பெத்தவன் பிள்ளையைக் கும்பிடக் கூடாதுங்கிறாங்க. சரி. எனக்குன்னு இங்க என்ன இருந்தது? அந்த நம்பர் இருந்தது. திங்கக்கிழமை திங்கக்கிழமை ஒண்ணு ஒண்ணா எறங்குது. தொண்ணூத்தஞ்சு. தொண்ணூத்தினாலு. நீ பாக்கல. நான் பாத்தேன்.”

“எங்க பாத்தீங்க? பட்டியல் எனக்கு மட்டும்தானே திறக்கும்?”

“அவ சாவியைச் செருகினா அவ நம்பரோட பக்கம் வருது. சும்மா செருகிப் பாப்பேன். ஒருநாள் தொண்ணூத்தொண்ணு. அன்னைக்கு ஒரு கணக்கு காத்துக்கிட்டு இருந்தது. உக்காந்து பாத்தேன். அழுத்தினேன். அவ்வளவுதான்.”

ஜிங்யி எழுந்து போய் வழிந்த டீயைத் துடைத்தாள். யாரையும் பார்க்காமல் துடைத்தாள்.

*

விதி மூன்று: விலகியவரின் சாவியை ஏழு நாளுக்குள் காவலர் மூட வேண்டும். விதி நான்கு: இன்னொருவர் சாவியை அழுத்திய பட்டறை மேகத்திலிருந்து வெளியே. மற்ற எட்டுப் பட்டறைகளும் ஒருமனதாக விட்டுக்கொடுத்தால் மட்டும் உள்ளே.

இரண்டையும் எழுதியவள் ருவோலான். மூன்றாவதை மீறியவன் யான்திங். நான்காவதை மீறியவர் அவள் அப்பா.

வெளியே போனால் பட்டறையின் கதி என்ன என்று மூவருக்கும் தெரியும். தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டு இன்றைக்கு யாராலும் மோல்டு செய்து கொடுக்க முடியாது. மூன்று நாள் காத்திருக்கிற வாடிக்கையாளர் எங்கும் இல்லை. இரண்டு மெஷின்களும் நின்றுவிடும்.

அதைவிட அவசரமான ஒன்று இருந்தது. நேற்று மாலை ஐந்து நாற்பதுக்கு அழுத்திய ‘சரி’, ஷு அக்காவின் மோல்டுக்கானது. ஷு அக்கா மூன்றாம் எண் பட்டறைக்காரர், ஒன்பது பேருக்கும் செயலாளர். இன்று மாலை நான்கு மணிக்கு அவர் எஃகை மெஷினில் ஏற்றுகிறார். தொண்ணூற்றெட்டுப் புள்ளி சொன்ன ‘சரி’ என்பதால் வேறு யாரும் அதைச் சரிபார்க்கவில்லை.

யான்திங் அந்தக் கணக்கில் ஏழாம் எண் போட்ட பங்கை மட்டும் இரண்டாம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் திரும்ப அனுப்பினான். ஐந்து மணி நேரம் ஆகும். மூன்றரைக்கு வந்துவிடும்.

பன்னிரண்டு மணிக்கு மூன்று சாப்பாட்டு டப்பாக்கள் வந்தன. பொரித்த பன்றிக்கறி, முட்டைக்கோஸ், அவித்த முட்டை. ஜின்ஷுய் மட்டும் சாப்பிட்டார்.

“மூணரைக்கு வரட்டும் அத்தான்,” என்றாள் ஜிங்யி. “ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா அக்கா சாவியைப் பேசாம மூடிடுங்க. பட்டியல்ல அவ வரியே இருக்காது. நாளைக்கு நகோயாக்காரர் வருவார், பாப்பார், போயிடுவார். யாருக்கு என்ன நஷ்டம்?”

“ஒத்துப்போகலைன்னா?”

“அப்ப சொல்லிக்கலாம்.”

யான்திங் முட்டையை இரண்டாக வெட்டினான். வெட்டிவிட்டு அப்படியே விட்டான்.

“முடிவு வந்தப்புறம் சொன்னா அது சொன்னதாகாது ஜிங்யி. ஜெயிச்சப்புறம் சீட்டைத் திருப்பிக் காட்டுற மாதிரி. வர்றதுக்கு முன்னாடி சொன்னாத்தான் சொன்னது.”

“பாருங்க, அக்கா மாதிரியே பேசுறீங்க. அக்கா பேசினா எரிச்சலா இருக்கும். நீங்க பேசினாலும் அப்படித்தான் இருக்கு.”

“நான் ஷு அக்காகிட்ட போறேன்.”

ஜின்ஷுய் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார்.

“போ. நல்லாப் போ. உனக்கென்ன? வாசல் பலகையில எழுதியிருக்கறது லியாவ். உன் குடும்பப் பேரு கோ. ஊர் சிரிக்கறது என் பேரைப் பாத்து. உன் பேருக்கு ஒண்ணும் ஆகாது. பெட்டியைத் தூக்கிக்கிட்டு சாங்ஹுவாவுக்குப் போயிடலாம்.”

“அப்பா!”

“என்ன அப்பா? தப்பா சொல்லிட்டேனா? பொண்ணே போனப்புறம் மாப்பிள்ளைன்னு இங்க எதுக்கு இருக்கான்னு தெருவுல கேக்கல? நான்தான் பதில் சொல்லிட்டிருக்கேன்.”

யான்திங் தலைக்கவசத்தை எடுத்தான். அந்தக் கேள்வியை அவனே தன்னிடம் கேட்டிருக்கிறான். பதில் கிடைத்ததில்லை.

சாவியை இழுப்பறையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினான்.

*

ஷு அக்காவின் பட்டறை ஸ்கூட்டரில் ஏழு நிமிடம். உள்ளே நுழைந்தபோதே கிரேன் சங்கிலியில் எஃகுக் கட்டி தொங்கிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து ஓர் ஆள் உயரம். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.

“வா தம்பி. உங்க ஏழு–ஒண்ணு நல்லா இருக்கணும்! நேத்து அஞ்சே முக்காலுக்குச் சரின்னு சொல்லிடுச்சு. இல்லைன்னா இன்னைக்கு நான் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்.” ஐம்பத்தைந்து வயது, கட்டையான உடம்பு, கழுத்தில் துண்டு. “டீ குடிக்கிறியா?”

“அக்கா, அந்த ஏழு–ஒண்ணைப் பத்திதான் பேசணும்.”

“பேசு.”

“அது ருவோலானோட சாவி.”

ஷு அக்கா சிரிக்கப் போனார். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவன் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான். அவனுக்கு எதையும் நீட்டிச் சொல்ல வராது. யார் அழுத்தியது, எத்தனை மாதம், எங்கே சாவி கிடந்தது. தான் மூடியிருக்க வேண்டும், மூடவில்லை என்பதையும் சொன்னான். இரண்டு பட்டறைகளுக்குக் கணக்கைத் திரும்ப அனுப்பியிருக்கிறேன், இன்னும் வரவில்லை என்பதையும் சொன்னான்.

ஷு அக்கா கையை உயர்த்தினார். கிரேன் நின்றது. எஃகு காற்றில் லேசாக ஆடியது.

“நான் அவ சாவுக்கு வந்தேன்,” என்றார். “காசு போட்டு வெள்ளைக் கவர் வச்சேன். உன் முன்னாடி மூணு தரம் குனிஞ்சேன். அப்புறம் வீட்டுக்கு வந்து, அடுத்த மாசத்துலேர்ந்து, செத்தவ சொல்ற சரியை நம்பி எஃகு வெட்டிட்டிருந்தேன். அப்படித்தானே?”

“ஆமா.”

“ஆமாவாம்! கொஞ்சம் மழுப்பக்கூடத் தெரியலையே உனக்கு. இதுல எனக்கு எது எரியுதுன்னு தெரியுமா? ஒன்பது பட்டறையில நான் யோசிக்காம நம்பினது ஏழு–ஒண்ணை மட்டும்தான். யாரா இருக்கும்னு யோசிப்பேன். ஜிங்யியா இருக்கும், அமைதியான பொண்ணுன்னு நெனச்சேன். கிழவர்னு கனவுலகூட வரல.”

“அவர் மூணு தரம் பாத்திருக்காரு.”

“மூணு தரம் பாத்தா? என் வீட்டு வாசலை ஒருத்தன் மூணு வருஷம் காவல் காத்தா அவன் நல்லவன்தான். ஆனா வேற ஆளோட முகமூடியைப் போட்டுக்கிட்டுக் காத்தான்னா, நான் ராத்திரி தூங்குவேனா? சொல்லு.”



ஷு அக்கா தொலைபேசியை எடுத்தார். ஒன்பது பேர் குழுவில் அவர் எழுதியதை யான்திங் தன் தொலைபேசியில் படித்தான். *ஏழாம் எண்ணில் சாவி மாற்றி அழுத்தியிருக்கிறார்கள். அவர்களே வந்து சொன்னார்கள். நாளைக் காலை எட்டு மணிக்கு எல்லோரும் என் பட்டறைக்கு வாருங்கள்.*

‘அவர்களே வந்து சொன்னார்கள்.’ அந்த வரியை அவர் எழுதியிருக்க வேண்டிய அவசியமில்லை.

*

மூன்று மணிக்கு வாசலில் ஒரு நீலக் குட்டி லாரி வந்து நின்றது. ஜின்ஷுய் இறங்கினார். பின்னாலேயே ஜிங்யி.

“நான் கூட்டிட்டு வரல அத்தான்,” என்று அவள் கிசுகிசுத்தாள். “அவரே சாவியை எடுத்துக்கிட்டு வண்டியில ஏறிட்டாரு. பிரேக் சரியில்லாத வண்டி. நான் எப்படித் தனியா விட?”

ஜின்ஷுய் தொங்கிக்கொண்டிருந்த எஃகைப் பார்த்தார். ஷு அக்காவைப் பார்க்கவில்லை. கறுப்புச் சாவியை அக்காவின் மேசையில் வைத்தார்.

“எடுத்துக்கோ.”

“எனக்கெதுக்கு லியாவ் அண்ணே? மூட வேண்டியவன் அங்க நிக்கிறான்.”

யான்திங் ஷு அக்காவின் கணினி முன்னால் உட்கார்ந்தான். கணினிப் பெட்டியின் தலையில் பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலம் ஒன்று இருந்தது. மெஷின் அடம்பிடிக்காமல் இருக்க எல்லோரும் வைப்பதுதான். சாவியைச் செருகினான். மூடு என்பதை அழுத்தினான். காரணம் கேட்டது. மூன்று இருந்தன: விலகினார், வேறு பட்டறைக்கு மாறினார், இறந்தார்.

மூன்றாவதை அழுத்தினான். அரை விநாடி வேலை. பதினான்கு மாதம் பிடித்தது.

ஏழு–ஒன்று மறைந்தது. ஜின்ஷுய் அந்த வெற்று வரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

மூன்றே முக்காலுக்கு இரண்டாம் எண்ணின் கணக்கு வந்தது. ஒத்துப்போனது.

ஜிங்யி மூச்சு விட்டாள். “பாத்தீங்களா!”

ஐந்தாம் எண்ணின் கணக்கு வரவில்லை. நான்கு மணிக்கும் வரவில்லை. ஷு அக்கா அழைத்தார். ஐந்தாம் எண்காரர் பான், ஸ்பிரிங் பட்டறை. ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது.

“நான் மேகத்துக்குப் போற கம்பியைப் பிடுங்கிட்டேன்க்கா. ஏழாம் எண் வேலை என் மெஷின்ல ஓடாது.”

“இது என் வேலைடா. என் மோல்டு.”

“அனுப்பினது ஏழு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நாளைக்கு எட்டு மணிக்கு வர்றேன். கம்பியோட வர்றேன், காட்டுறேன்.”

அழைப்பு நின்றது. கிரேன்காரர் மேலேயிருந்து கேட்டார்: “ஏத்தவா? எறக்கவா? கை வலிக்குது!”

“பட்டன்தானே அழுத்துற? அதுக்கு என்ன கை வலி?” என்றார் ஷு அக்கா. பிறகு திரும்பினார். முதல் தடவையாக ஜின்ஷுயை நேராகப் பார்த்தார்.

“லியாவ் அண்ணே. ஒரு கணக்கு ஒத்துப்போச்சு. ஒரே மாதிரிக் கணினி, ஒரே மாதிரித் தப்பும் போடும். அதனாலதான் மனுஷன் பாக்கணும்னு ஒங்க பொண்ணு வச்சா. நேத்து பாத்தது நீங்க. இப்ப ஒங்க சொந்தப் பேர்ல சொல்லுங்க. சரியா?”

“பாத்தேன்னு சொன்னேனே.”

“பாத்தீங்களான்னு கேக்கல. சரியான்னு கேட்டேன்.”

ஜின்ஷுய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். திரையின் முன்னால் உட்கார்ந்தார். நீலமும் பச்சையும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் ஓடும் படம். விரலால் தொடாமல், விரலைத் திரைக்கு அரை அங்குலம் தள்ளி வைத்து, ஓட்டத்தின் கூடவே நகர்த்தினார். ஒரு தரம். இரண்டாம் தரம். இருபது நிமிடம் ஆனது. கிரேன்காரர் இறங்கி வந்து சிகரெட் பற்றவைத்தார்.

மூன்றாம் தரம் விரல் ஓரிடத்தில் நின்றது.

“இங்க,” என்றார். “இந்த மெலிசான சுவர்ல. ரெண்டு பக்கத்துலேர்ந்து வந்து சேருது. படத்துல நல்லாத்தான் சேருது. ஆனா நெசத்துல இவ்வளவு மெலிசுல ஆறிப்போயிடும்னு எனக்குத் தோணுது. தோணுதுன்னுதான் சொல்ல முடியும். தெரியல.”

“நேத்து தோணலையா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“தோணுச்சு.”

“அப்புறம் ஏன் சரின்னு அழுத்தினீங்க?”

“அவ பேர்ல எப்படி தெரியலைன்னு போடுவேன்?” குரல் உடைந்தது. உடனே உறுமிச் சரிசெய்துகொண்டார். “அவளுக்குத் தெரியாம இருக்காது. நான்தான் தெரியாதவன். என் தெரியாததைக் கொண்டுபோய் அவ மேல ஏத்தச் சொல்றியா?”

யான்திங் தன்னை அறியாமல் பேசினான்.

“அவ நெறைய தடவை போட்டிருக்கா மாமா. தெரியலைன்னு. ஆறுக்கு ஒண்ணு. காலையில பாத்தேன். நீங்க அழுத்தின எரநூத்திப் பன்னெண்டுல ஒண்ணுகூட அது இல்ல.”

ஜின்ஷுய் அவனைப் பார்த்தார்.

“ஆறுக்கு ஒண்ணா?”

“ஆமா.”

“எங்கிட்ட சொன்னதே இல்லையே அவ.”

ஷு அக்கா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிரேன்காரர் பக்கம் திரும்பினார். “எறக்கு. இன்னைக்கு வெட்டு கெடையாது.”

சங்கிலி கடகடத்தது. எஃகு மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்தபோது தரை அதிர்ந்தது.

“அக்கா, நாளைக்கு நகோயாக்காரர் வந்தா என்னத்தைக் காட்டுவீங்க?” என்றாள் ஜிங்யி.

“வெட்டாத எஃகைக் காட்டுவேன். எதுக்கு வெட்டலைன்னு கேட்டா சொல்லுவேன்.” ஷு அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். “தம்பி, கிழவருக்கு ஒரு சாவி போடு. நாளைக்கு நீங்க எல்லாரும் வெளியே போனாலும் போகலாம். அது வேற விஷயம். என் ஓட்டு எந்தப் பக்கம்னு இப்ப நான் சொல்ல மாட்டேன், கேக்காதீங்க. ஆனா இந்தத் ‘தெரியலை’யை யாராவது ஒருத்தர் பேர்ல எழுதி வைக்கணும். அவர் பேர்லயே இருக்கட்டும்.”

யான்திங் தட்டச்சு செய்தான். ஏழு–நான்கு. லியாவ் ஜின்ஷுய். புதியவர்களுக்கு உரிய ஐம்பது புள்ளி. அடுத்த கட்டம் கேட்டது: இவருக்குப் பொறுப்பேற்பவர், அதே பட்டறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். தன் பெயரைப் போட்டான். அதற்கடுத்த கட்டம் உறவு. அங்கே அவன் விரல் நின்றது.

அவன் தோளுக்கு மேலாக ஜின்ஷுய் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன முழிக்கிற?” என்றார். “மாப்பிள்ளைன்னு போடு. வேற என்னன்னு போடுவ?”

போட்டான்.

ஷு அக்கா எடுத்துக் கொடுத்த புதிய சாவியை ஜின்ஷுய் தானே செருகி, தன் பெயரில், ‘தெரியவில்லை’ என்பதை அழுத்தினார். அழுத்தியபின்னும் விரலை எடுக்கவில்லை. ஜிங்யிதான் கையைப் பிடித்து எடுத்துவிட்டாள்.

யான்திங் மேகத்தின் முகப்புப் பக்கத்துக்குப் போனான். ஒன்பது பட்டறைகளுக்கு ஒன்பது பச்சை விளக்குகள். ஐந்தாவது அணைந்திருந்தது. அது பானுடையது, தெரிந்ததுதான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டாவதும் அணைந்தது. ஒரு நிமிடம் கழித்து, முதலாவது.

ஷு அக்காவும் பார்த்தார். எழுந்து போய்த் தன் கணினிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். அவர் கை மேகத்துக்குப் போகும் கம்பியின் பக்கம் போவதை யான்திங் பார்த்தான்.